நெய்யூர்ப் பதிவேடுகளும் தீராத நோய்களின் கணக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் பகுதியில், இரணியலை அடுத்து அமைந்த சிற்றூர் நெய்யூர். தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல் முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு அவ்வூரின் பெயர் அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியாலேயே பழக்கமானது. இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838ஆம் ஆண்டு அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். அப்போது அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு உட்பட்டிருந்தது. ராம்சேக்குப் பின் வந்த சார்லஸ் லீச், 1854இல் கடலில் மூழ்கி இறந்தார். 1860களில் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் முயன்ற குழுக்களில் இடம்பெற்ற ஹாவர்டு சாமர்வெல், தம் வாழ்வின் பல ஆண்டுகளை இங்கே கழித்தார்.

நெய்யூரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் சாமர்வெல்லின் மலையேற்றத்தை மறவாமல் குறிப்பிடுகின்றனர். சுவையான செய்திதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஆஸ்பத்திரி உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெறுவதற்குக் காரணம் பனிமலை அன்று. அங்கு எழுதிவைக்கப்பட்ட நோயாளிக் கணக்குகளே என்பது நமது கருத்து. அக்கணக்குகள் எதைப் பதிந்தன, எதைப் பதிய அவற்றால் இயலவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயுள் முழுதும் மாத்திரை உண்டு வாழ்வோர் இல்லாத இல்லம் அரிதாகிவிட்ட இந்நாளில், இது வெறும் பழங்கதை ஆய்வாக நின்றுவிடாது.

1908ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் நெய்யூர் மருத்துவர் ஃபெல்ஸ். தென்னிந்தியாவில் காணப்படும் வாய்ப் புற்றுநோய் பற்றியது அது. 209 அறுவை சிகிச்சைகளின் பகுப்பாய்வை அடிப்படையாகக் கொண்டது. மற்றொன்று அவருடைய சகப் பணியாளர் பென்டால் எழுதியது. திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்புரை. அன்றைய உலகில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியிலிருந்து இத்தகைய எண்கள் வெளிவருவது எளிதன்று. ஒவ்வொரு நோயாளி வரும்போதும் யாரோ ஒருவர் பேனாவை எடுத்து, நோய் எந்த இடத்தில் தோன்றியது, எவ்வளவு பரவியுள்ளது, என்ன செய்யப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். அதைப் பல ஆண்டுகள் தளராமல் செய்திருக்க வேண்டும். அதன் பின்னரே 1,700 என்ற எண்ணை ஒருவர் கூட்டிச் சொல்ல இயலும்.

கால் நூற்றாண்டு கழித்து, 1933இல், நெய்யூரிலிருந்து அயன் ஓர் என்னும் மருத்துவர் லான்செட் இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப் புற்றுநோய் பற்றி எழுதினார். எந்தக் கன்னத்தில் தாம்பூலத்தை அடக்கிவைக்கிறாரோ அந்தக் கன்னத்தில் நோய் தோன்றுகிறது என்பன போன்ற செய்திகள் ஊகத்தில் கிடைப்பவை அல்ல. நோயாளியிடம் கேட்டு எழுதியதால் கிடைப்பவை. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையின் மீது அவருடைய கவனம் சென்றது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை கலந்த தாம்பூலத்தைப் புற்றுநோய்க் காரணியென 1985இல் அறிவித்தபோதும், புகையிலை கலவாத தாம்பூலமும் அவ்வாறே என 2004இல் அறிவித்தபோதும், அம்முடிவுகளுக்குப் பின்னால் இருந்த நீண்ட ஆய்வுவரிசையின் தொடக்கப் பகுதியில் நெய்யூரின் பெயர் இருந்தது. குடற்புண், இரைப்பைப் புண் பற்றிச் சாமர்வெல்லும் ஓரும் இணைந்து 1936இல் எழுதிய கட்டுரையோ சுமார் 2,500 நோயாளிகளின் அனுபவத்தின் மீது எழுந்தது.

ஆனால் இக்கணக்குகளுக்கு ஓர் எல்லை உண்டு. அவை அறுவை மருத்துவரின் கணக்குகள். அறுவை மருத்துவனுக்கு ஒரு நோயாளியின் கதை வாசலில் தொடங்கி வாசலிலேயே முடிகிறது. கட்டியை நீக்கினோம், புண் ஆறியது அல்லது ஆறவில்லை, அவர் வீடு சென்றார் அல்லது இறந்தார். ஒரு வரி, அவ்வரிக்கு ஒரு முற்றுப்புள்ளி. ஒருவர் முப்பது ஆண்டுகள் நாள்தோறும் ஒரே மருந்தை உண்டு வாழ்ந்தால் அவரை எவ்வாறு பதிவது? அவருக்கு முற்றுப்புள்ளி இல்லை. அவரைக் குணமடைந்தவர் என்று எழுத முடியாது. நோயாளி என்று மட்டும் எழுதினாலும் பொய்யாகும்.

இக்கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாற்றுக்குள் நுழையுமுன், நமது முன்னோரின் மருத்துவமனைகளைச் சற்று எட்டிப்பார்ப்பது தகும். அந்தலுசியாவின் பயணியான இப்னு ஜுபைர் 1184இல் திமிஷ்கு நகரை அடைந்தார். சுல்தான் நூருத்தீன் ஸங்கி நிறுவிய பீமாரிஸ்தானைக் கண்டு அவர் எழுதிய குறிப்பில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அங்குப் பணியாளர்கள் பதிவேடு வைத்திருந்தனர். நோயாளிகளின் பெயர்களும், அவர்களுக்கு வேண்டிய மருந்து, உணவு முதலியவற்றின் செலவும் அதில் எழுதப்பட்டன. மருத்துவர்கள் காலையில் வந்து நோயாளியைப் பார்த்து, அவரவர்க்கு ஏற்ற மருந்தையும் உணவையும் ஆயத்தம் செய்யுமாறு பணித்தனர் என்பதே அச்செய்தி. நோயாளியின் பெயருக்கு எதிரில் மருந்து எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வக்ஃபுச் சொத்தின் வருவாயில் நடந்த நிறுவனம் ஆதலால், ஒவ்வொரு திர்ஹமுக்கும் கணக்குக் காட்டும் தேவை இருந்தது. மருத்துவ ஆவணம் என்பது கணக்குப்பிள்ளையின் பேனாவில் பிறந்தது என்று யாரேனும் சொன்னால் நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. அமானிதத்தைக் காப்பவனும் கணக்கு எழுதுபவனே.

இதினும் மேலானது முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்ராஸியின் பழக்கம். ரைய் நகரில் பிறந்து 925 அளவில் மறைந்த அவர், தாம் கண்ட நோயாளிகளைப் பற்றித் தமக்கெனக் குறிப்புகள் எழுதிவைத்தார். அவர் மறைந்தபின் அக்குறிப்புகளும் நூற்பகுதிகளும் தொகுக்கப்பட்டு 'அல்ஹாவி' என்னும் பெருநூலாயின. அதிலிருந்து 33 நோயாளிக் குறிப்புகளை மேக்ஸ் மையர்ஹாஃப் என்னும் ஆய்வாளர் 1935இல் தனியே பதிப்பித்தார். ராஸியின் குறிப்புகளில் நம்மைக் கவர்வது, தமது கணிப்புத் தவறிய இடத்தையும் அவர் மறைக்காமல் எழுதியிருப்பதே. நோயாளி யார், என்ன முறையிட்டார், என்ன கொடுத்தோம், அதன்பின் என்ன ஆயிற்று என்று அது ஒரு மனிதரைப் பின்தொடர்கிறது. நெய்யூரின் 1,700 என்ற எண்ணும் ராஸியின் தனி மனிதரும் மருத்துவ ஆவணத்தின் இரு முகங்கள். முன்னது நோயை அறிய உதவும். பின்னது நோயாளியைக் காக்க உதவும். ஐரோப்பிய மருத்துவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்னதில் பெருந்திறம் காட்டியது. பின்னதன் தேவையை அதற்கு மீண்டும் உணர்த்தியது தொழுநோய்.

நெய்யூர் மருத்துவப் பணியோடு தொழுநோயாளர் இல்லம் ஒன்றும் இணைந்திருந்தது. அக்காலத்து இல்லங்களின் வேலை பெரும்பாலும் அடைக்கலம் அளிப்பதே. நோயைத் தீர்க்கும் மருந்து எவரிடமும் இல்லை. 1940களில் நிலைமை மாறியது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்தை ஊசிவழியே அளித்துப் பார்த்தார். பின்னர் அதுவே டாப்சோன் என்னும் மலிவான மாத்திரையாக உலகெங்கும் பரவியது. மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் நோயின் கடுமையான வகை உடையோர் அதைப் பல்லாண்டுகள், சிலர் ஆயுள் முழுதும், உண்ண வேண்டியிருந்தது. மருத்துவ வரலாற்றில் நீண்டகால மருந்துண்ணல் ஒரு மக்கள் திரளின் வாழ்முறையாக ஆனது ஏறத்தாழ இங்குதான்.

அதோடு ஒரு புதிய இடர் வந்தது. உணர்விழந்த ஒரு தேமல் மங்கியவுடன் மாத்திரையை நிறுத்தியவர் உண்டு. ஊரார் கண்ணுக்கு அஞ்சி மருத்துவமனைக்கு வராமல் இருந்தவரும் உண்டு. விட்டுவிட்டு உண்ட மருந்தைக் கிருமி வென்றது. டாப்சோனுக்குக் கட்டுப்படாத கிருமி இருப்பது 1964இல் மலேசியாவில் உறுதி செய்யப்பட்டது. யார் எத்தனை மாதம் உண்மையில் உண்டார் என்பதற்குச் சரியான பதிவு இல்லாத இடத்தில், மருந்து தோற்றதா, நோயாளி உண்ணவில்லையா என்று மருத்துவரால் பிரித்தறிய இயலவில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தபின், காலப்போக்கில் மருந்தோடு அதன் ஆவணமும் சேர்ந்து அமைந்தது. மாதத்தில் ஒருநாள் ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மருந்தைப் பணியாளர் கண்முன் விழுங்க வேண்டும். எஞ்சிய நாள்களின் மாத்திரைகள் நாள் வரிசையில் அமைந்த அட்டையில் வீட்டுக்குச் செல்லும். 28 நாள் கொண்ட அந்த அட்டையை எழுத்தறியாதவரும் படிக்க முடிந்தது. எத்தனை குழிகள் வெறுமையாயின என்பதே கணக்கு. நோயாளி தம் கையால் நிரப்பும் பதிவேடு அது. மருத்துவ ஆவண வரலாற்றில் இதைவிட எளிய, இதைவிட நேர்த்தியான கண்டுபிடிப்பு வேறொன்றும் நமக்குத் தெரியவில்லை.

இதற்கு முன்னரே சென்னையில் வேறொரு வகையில் இப்பாடம் கற்கப்பட்டிருந்தது. 1956இல் அங்குத் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்து மருந்து தருவதையும் வீட்டிலிருந்தே உண்ணச் செய்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவுகள் 1959இல் வெளிவந்தன. வறுமையான, நெரிசலான வீடுகளிலும் மருந்து ஏறத்தாழ அதே அளவு பலித்தது என்ற செய்தி உலகின் காசநோய்ச் சிகிச்சையையே திருப்பிவிட்டது. நாம் இங்குக் கவனிக்க விரும்புவது அவர்கள் பதிந்த முறையை. மருந்து கொடுத்தோம் என்று எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உடலுக்குள் சென்றதா என்று பார்த்தனர். மருந்துச் சீட்டில் எழுதப்பட்டது வேறு, நோயாளி உட்கொண்டது வேறு. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஆவணம் எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது உண்மை ஆவணம் ஆகாது.

இனி நோய்களுக்கு எண் இடும் முறைக்கு வருவோம். இன்று மருத்துவக் குறியீடு என வழங்கும் துறையின் மூதாதை, இறப்புப் பட்டியலே. 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியல் மனிதர் எதனால் இறந்தனர் என்பதை மட்டுமே வகைப்படுத்தியது. 1948இன் ஆறாம் திருத்தத்தில்தான், உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில், உயிரோடிருப்போரின் நோய்களும் அதில் முறையாகச் சேர்ந்தன. அதற்கும் நெடுநாள் பின்னரே, நோய் என்று சொல்ல முடியாத நிலைகளுக்கும் எண்கள் விரிவாக வந்தன. முதலில் இறந்தவர், பின்னர் நோயுற்றவர், இறுதியில் மருந்தால் நலமாக வாழ்பவர். வரிசை இவ்வாறு அமைந்தது தற்செயல் அன்று. அரசுகளுக்கு எண்ண எளியது பிணம். எண்ண அரியது, நோயைச் சுமந்தபடி கடைத்தெருவில் நடந்து செல்லும் மனிதர்.

பத்தாம் திருத்தத்தின் அமெரிக்க வடிவம் அந்நாட்டில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இசட் 79 என்னும் பிரிவு முழுவதும் நீண்டகால மருந்துண்ணலுக்கே உரியது. இன்சுலின் செலுத்துவோருக்கு இசட் 79.4, இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து உண்போருக்கு 79.01, ஸ்டீராய்டு உண்போருக்கு 79.52, சர்க்கரைக்கான மாத்திரை உண்போருக்கு 79.84. இவற்றை இடுவதற்கு விதிகள் உண்டு. மருத்துவமனையில் கிடந்த நாள்களில் மட்டும் தற்காலிகமாக இன்சுலின் பெற்றவருக்கு அந்த எண்ணை இடலாகாது. சிறிது நாள் உண்டு நிறுத்தும் மருந்துக்கும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் எழுதாததைக் குறியீட்டாளர் ஊகித்து எழுதவே கூடாது. ஐயம் எழுந்தால் எழுதியவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும். ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் ஒழுக்கத்தைப் பயின்றவர்களுக்கு இவ்விதி அந்நியமாகத் தோன்றாது. கேட்டதைக் கேட்டவாறு ஒப்படைப்பவனே நம்பகமானவன். தன் சொல்லைக் கலந்தவன் அல்லன்.

இதில் ஒரு முரண் நம்மை உறுத்துகிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்பேடுகளுக்கு எண் இடும் பணி சென்னையில் பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. உயிரியலும் செவிலியமும் மருந்தியலும் படித்த தென்மாவட்டத்து இளைஞர் பலர், நம் சமுதாயப் பெண்மக்கள் உட்பட, இப்பணியில் இருக்கின்றனர். முகமறியா ஒரு முதியவர் அங்கே இன்சுலின் செலுத்துகிறார் என்பதை இங்கே ஒரு பெண் கணினியில் பிழையின்றிக் குறிக்கிறார். அவருடைய தந்தையின் மருந்து வரலாறோ வீட்டு அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கிறது: கிழிந்த சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், இரு வெவ்வேறு மருத்துவர்கள் ஒரே மருந்தை இரு வணிகப் பெயர்களில் எழுதிக் கொடுத்த குறிப்புகள். திடீரென மயங்கி விழும் நாளில் அப்பையை எடுத்து வருவோர் உண்டு. மறந்துவிட்டு வருவோரே மிகுதி.

அதன் விளைவு என்ன என்பதை மருத்துவர்கள் நன்கறிவர். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர் அதைச் சொல்லாமல் பல் பிடுங்கிக்கொண்டால் குருதி நிற்காமல் போகலாம். மூட்டுவலிக்கென நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர் திடீரென நிறுத்தினாலோ, அதை அறியாத வேறிடத்தில் அறுவைக்கு உட்பட்டாலோ, உயிருக்கே இடர் நேரலாம். எழுதப்படாத ஒரு வரியின் விலை இது. அல்பகரா அத்தியாயத்தில் கடனைப் பற்றிய வசனம் திருக்குர்ஆனிலேயே நீளமானது என்பதை நாம் அறிவோம். தவணைக் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் சலிப்பின்றி எழுதிக்கொள்ளவும், எழுத்தர் நீதியோடு எழுதவும் அது பணிக்கிறது. ஒரு வெள்ளிக் காசு பற்றிய மறதிக்கே இத்துணை எச்சரிக்கை எனில், உடல் பற்றிய மறதியை நாம் இவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டது வியப்புக்குரியது.

ரமலான் மாதத்தில் இவ்விடர் கூர்மையடைகிறது. 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் திரட்டிய செய்திகளைக் கொண்டு எபிடியார் என்னும் ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாள்களேனும் நோன்பு நோற்றனர். ஆனால் மாத்திரை உண்போரில் சுமார் நான்கில் ஒரு பங்கினரும், இன்சுலின் செலுத்துவோரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருமே மருந்தின் அளவை மாற்றிக்கொண்டனர். சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழ்ந்து மருத்துவமனையில் சேர நேர்ந்த நிகழ்வுகள் மற்ற மாதங்களைவிட அம்மாதத்தில் பன்மடங்காக இருந்தன. நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையைப் பற்றி நமது மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. யாருக்கு அச்சலுகை பொருந்தும் என்பதை மருத்துவர் தீர்மானிக்க, அவர் எந்த மருந்தை எவ்வளவு, எத்தனை ஆண்டாக உண்கிறார் என்ற எழுத்து முன்னால் இருக்க வேண்டும். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மருந்தைப் பிரித்தமைக்கும் முடிவை ரமலான் பிறை கண்ட இரவில் எடுக்க இயலாது. ஷஅபானிலேயே அமர்ந்து பார்க்க வேண்டியது அது.

தமிழகத்தில் நிலைமை முன்னேறவே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. அவ்வாறு சேர்ப்பதற்கு, யார் எந்த மருந்தில் இருக்கிறார் என்ற பட்டியல் இன்றியமையாதது. ராஸியின் தனி மனிதரும் நெய்யூரின் கூட்டுத்தொகையும் ஒரே ஏட்டில் சந்திக்கும் வாய்ப்பு இப்பட்டியலில் இருக்கிறது. எனினும் சென்னைக் காசநோய் ஆய்வாளர்கள் 1950களில் எழுப்பிய வினா அப்படியே நிற்கிறது: வாசலில் கொடுத்த மாத்திரை வாய்க்குள் சென்றதா?

இன்னொரு செய்தி யூனானி மருத்துவத்தின் மீது பற்றுடைய நமது வாசகர்களுக்கு உரியது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் மரபு மருத்துவத்திற்கென ஒரு பகுதி உண்டு. தொடக்கத்தில் அது சீன மரபைச் சார்ந்த மருத்துவத்தை உள்ளடக்கியிருந்தது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகியவற்றுக்கான இரண்டாம் தொகுதி 2025ஆம் ஆண்டு வெளியீட்டில் சேர்க்கப்பட்டது. இதனால் ஒரே நோயாளிக்கு ஆங்கில மருத்துவக் குறியீட்டையும் யூனானிக் குறியீட்டையும் அருகருகே எழுத வழி பிறந்திருக்கிறது. காலையில் மெட்ஃபார்மின் மாத்திரையும் இரவில் ஹகீம் கொடுத்த மஃஜூனும் உண்ணும் பெரியவர்கள் நம்மிடையே பலர். ஹகீமிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகின்றனர். டாக்டரிடம் மஃஜூனைப் பற்றிச் சொல்வதற்கே தயங்குகின்றனர். திட்டுவாரோ என்ற அச்சம். குறியீட்டுக்கு இப்போது இடம் இருக்கிறது. அவ்விடத்தை நிரப்பும் கேள்வியை, கடிந்து கொள்ளாத குரலில், டாக்டர் கேட்டாக வேண்டும்.